கோலம் போட வந்த சித்தியும் ஒரு வாரண்ட்டும்!

மார்கழி மாசம். வெள்ளிக்கிழமை. விடிய இன்னும் அரை மணி இருக்கும். பாகூர் ஏரிப் பாசனத்தில் இருக்கிற ஒரு கிராமத்தில், வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்த என் சித்தியின் எதிரே... இரண்டு சிவப்புத் தொப்பிகள்!

(வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: புதுச்சேரி போலீஸ்காரர் தலையில் இருப்பது பிரெஞ்சுக்காரன் விட்டுவிட்டுப் போன பாணியிலான சிவப்புத் தொப்பி. பீச் ரோட்டில் பார்த்தால் டூரிஸ்ட்டுகள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நம் வீட்டு வாசலில் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.)

"ஐயா இருக்காராம்மா?"

"தூங்கறாரு. இன்னா சார் விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா. கோர்ட்டுலேருந்து ஒரு வாரண்ட் வந்துகீது. என்.பி.டபிள்யூ."

சித்திக்குப் புரிந்தது 'வாரண்ட்' என்ற ஒரு வார்த்தைதான். அது போதாதா? கிண்ணம் தரையில். எதிர்வீட்டுக் கோலம் பாதியில் நின்றது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே காலை ஊன்றிக்கொண்டு நின்றார். அஞ்சு நிமிஷத்தில் 'சித்தப்பா யாரையோ வெட்டிப்புட்டாராம்' என்கிற அளவுக்குச் செய்தி ஊர்க்கோடி வரை போய்விட்டது.

சித்தப்பா யாரையும் வெட்டவில்லை. வயசு 67. கொஞ்சம் நெல்லு, கொஞ்சம் கரும்பு, ஒரு ஜோடி மாடு. அவர் செய்த மகா குற்றம் 2019-ல் நடந்தது. வாய்க்கால் மடையை யார் முதலில் திறப்பது என்று பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு. இவர் ஒரு வார்த்தை, அவர் ஒரு வார்த்தை. இவர் ஒரு தள்ளு, அவர் சேற்றில் விழுந்து கை சுளுக்கிக்கொண்டார். ஸ்டேஷனில் புகார். 294(பி), 323, 506 என்று மூன்று பிரிவுகளில் கேஸ். நம்ம பக்கத்துக் கிராமங்களில் இந்த மூன்றும் இட்லி, சட்னி, சாம்பார் மாதிரி. தனியாக வரவே வராது. கெட்ட வார்த்தை பேசியது, அடித்தது, மிரட்டியது.

வேடிக்கை என்னவென்றால், கேஸ் போட்டவரும் சித்தப்பாவும் அடுத்த வருஷமே ராசியாகிவிட்டார்கள். அவர் மகள் கல்யாணத்தில் சித்தப்பாதான் பந்தி விசாரித்தார். மொய் ஆயிரத்தொரு ரூபாய். 'நமக்குள்ள சமாதானம் ஆயிட்டப்புறம் கோர்ட்டு எதுக்கு?' என்று இரண்டு பேருமே வாய்தாவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். முன்பெல்லாம் வாய்தா தேதியைப் போன் பண்ணிச் சொல்லும் வக்கீல் குமாஸ்தாவின் நம்பரும் மாறிவிட்டது. கேஸ் செத்துவிட்டது என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, அது கோர்ட்டு அலமாரியில் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

அன்று பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த நான், போர்வையோடு வாசலுக்கு வந்தேன்.

சித்தப்பா கலங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சட்டம் பேசினார். "ஏட்டய்யா, புதுச் சட்டம் வந்துகீதே, தெரியாதா? அறுபது தாண்டுனவங்கள அரெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு டி.வி.ல சொன்னானே!"

ஏட்டு சிரித்தார். "ஐயா, அது வேற, இது வேற. அது நாங்களா வந்து புடிக்கிறது. இது ஜட்ஜய்யா புடிச்சிக்கினு வான்னு எழுதிக் குடுத்தது."

இந்த ஒரு வரியில் ஏட்டு சொன்னதை, பிறகு நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டித்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

2024 ஜூலை 1 முதல் நாடு முழுக்க மூன்று புதுச் சட்டங்கள். இந்தியத் தண்டனைச் சட்டம் போய் 'பாரதிய நியாய சன்ஹிதா'. சாட்சியச் சட்டம் போய் 'பாரதிய சாக்ஷ்ய அதினியம்'. எப்படிப் பிடிப்பது, எப்படி விடுவது, எப்படி விசாரிப்பது என்று சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா'. கடைசிப் பெயரை ஒரே மூச்சில் சொல்லும் வக்கீலுக்கு டபுள் ஃபீஸ் கொடுக்கலாம்! அதனால் எல்லோரும் பி.என்.எஸ்.எஸ். என்கிறார்கள். பழையதில் 484 பிரிவுகள், இதில் 531. பெயர் எல்லாம் இந்தியாக இருக்கிறதே என்று தமிழ்நாட்டில் வக்கீல்கள் போராட்டம் நடத்தினார்கள். சென்னையில் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சத்யநாராயணன் தலைமையில் ஒரு நபர் குழுவே போட்டது. பாராளுமன்றம் போட்ட சட்டம் என்பதால் யூனியன் பிரதேசமான நம் புதுச்சேரிக்கும் அதே தேதியில் வந்து சேர்ந்துவிட்டது.

சித்தப்பா டி.வி.யில் பார்த்தது பொய் இல்லை. 35-வது பிரிவில் ஒரு புது வரி சேர்த்திருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கும் குறைவான தண்டனை உள்ள குற்றம்; ஆள் உடல்நலம் இல்லாதவர் அல்லது அறுபதைத் தாண்டியவர் என்றால், டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் முன் அனுமதி வாங்காமல் கைது செய்யக் கூடாது. நல்ல வரிதான். ஆனால் இது வாரண்ட் இல்லாமல் போலீஸ் தானாகக் கைது செய்யும் சங்கதி. கோர்ட்டே கையெழுத்துப் போட்டு அனுப்பிய வாரண்ட்டுக்கு இந்த வயசுக் கணக்கு செல்லாது. எண்பது வயசுக்காரரும் போய்த்தான் ஆகணும்.

"வாரண்ட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?" என்றேன். குரல் லேசாக நடுங்கியது எனக்கே தெரிந்தது.

"தாராளமா!" என்று நீட்டினார் ஏட்டு. அப்புறம்தான் தெரிந்தது, அவர் எனக்குச் சலுகை காட்டவில்லை. வாரண்ட்டில் என்ன இருக்கிறது என்று போலீஸ் சொல்ல வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். பழைய சட்டத்தில் 75-வது பிரிவு, புதுசில் 77. கோர்ட்டு பெயர், கேஸ் நம்பர், நீதிபதி கையெழுத்து, கோர்ட்டு முத்திரை எல்லாம் இருந்தன. நான் முக்கியமாகப் பார்த்தது அப்பா பெயரை. ஒரே தெருவில் நாலு ஏழுமலை, மூணு கலியபெருமாள் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. அப்பா பெயர் மாறியிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. காலாப்பட்டு ஜெயில் வாசலில் போய்ச் சொன்னால் கேட்க ஆள் இருக்காது.

தேதியைப் பார்த்தேன். பல மாதத்துக்கு முந்தியது!

"இவ்ளோ பழசு இன்னும் செல்லுமா சார்?"

"பால் பாக்கெட்டா தம்பி, கெட்டுப்போக?"

உண்மை. வாரண்ட்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அதை நிறைவேற்ற வேண்டும், அல்லது போட்ட கோர்ட்டே ரத்து செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கும் வரை அது உயிரோடு இருக்கும். பத்து வருஷம் கழித்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறபோது எழுந்து உட்கார்ந்து 'சௌக்கியமா?' என்று கேட்கும்.

அதற்குள் தெருவில் ஒரு ஆபத்பாந்தவர் வந்து சேர்ந்தார். கதர்ச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. என்னைத் தனியாக ஓரங்கட்டினார். "தம்பி, ஸ்டேஷன்ல நம்ம ஆளு இருக்கான். ஒரு அஞ்சு ரூபா குடுத்தா வாரண்ட்டை அப்பிடியே அமுக்கிடலாம்." (அவர் பாஷையில் அஞ்சு ரூபா என்றால் அஞ்சாயிரம்.) சித்தி ஏற்கெனவே உள்ளே போய்த் தோட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நம் ஜனங்கள் ஏமாறுவது. வாரண்ட்டை எந்த ஸ்டேஷனும் ரத்து செய்ய முடியாது. எம்.எல்.ஏ.வும் முடியாது, மந்திரியும் முடியாது. அதை ரத்து செய்யும் அதிகாரம் போட்ட கோர்ட்டுக்குத்தான். அமுக்கி வைத்த வாரண்ட், அடுத்த இன்ஸ்பெக்டர் வந்து பைலைத் தூசு தட்டும்போது மறுபடி வரும். அப்போது இன்னொரு அஞ்சு ரூபா! நல்லவேளை, ஏட்டே வந்து, "யோவ், நீ போய் டீ சாப்புடுய்யா" என்று அவரை அனுப்பிவைத்தார்.

எனக்குக் கவலை வேறு. அன்று வெள்ளிக்கிழமை. நாளையும் நாளன்றும் லீவு. அடுத்த வாரம் பொங்கல். கோர்ட்டு நேரத்துக்குள் ஆஜர்படுத்தாமல் சாயங்காலம் ஆகிவிட்டால், மனுப் போட்டு வெளியே வர எத்தனை நாள் ஆகுமோ? 'பொங்கல் காலாப்பட்டுலதானா?' என்று சித்தி அழ ஆரம்பித்துவிட்டார். கைது செய்தவரை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும் என்பது சட்டம். பயண நேரம் இதில் சேராது. ஆனால் இருபத்துநாலு மணி நேரம் என்பது கடிகாரத்துக்குச் சின்ன விஷயம். காத்திருக்கிறவளுக்கு இல்லை.

ஏட்டு நல்ல மனுஷர். "குளிச்சிட்டு, மாத்திரை போடணும்னா போட்டுக்கினு வாங்க. பத்தரைக்குக் கோர்ட்டுல இருந்துடலாம்" என்றார். விலங்கு மாட்டவில்லை. மாட்டவும் முடியாது. புதுச் சட்டத்தில் விலங்குக்குத் தனியாக ஒரு பட்டியலே இருக்கிறது: திரும்பத் திரும்பக் குற்றம் செய்கிறவர், காவலில் இருந்து தப்பியவர், கொலை, பாலியல் பலாத்காரம், ஆசிட் வீச்சு, போதை மருந்து, தீவிரவாதம், கள்ள நோட்டு... இப்படி. மடையைத் திறந்த கேஸெல்லாம் அதில் இல்லை.

*

கடலூர் ரோட்டில் இருக்கிற புதுச்சேரி கோர்ட்டு வளாகம். கறுப்புக் கோட்டுகளின் திருவிழா. சித்தப்பாவின் பழைய வக்கீல் ஊரிலேயே இல்லை என்று தெரிந்தது. கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் சட்ட உதவி மையத்தைக் கைகாட்டினார். உள்ளே ஓர் இளம் வக்கீலம்மா. சித்தப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உக்காருங்கய்யா. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். காலையிலிருந்து சித்தப்பா முகத்தில் முதல் தடவையாக ரத்த ஓட்டம் வந்தது.

"ஃபீஸ் எவ்ளோம்மா?" என்றேன்.

"ஃபீஸே கிடையாது சார். காவல்ல இருக்கிறவங்களுக்கு, பெண்களுக்கு, குழந்தைங்களுக்கு, எஸ்.சி., எஸ்.டி.க்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி. 1987-லயே சட்டம் போட்டாச்சு. 15100-னு போன் நம்பர் கூட இருக்கு. யாரும் கூப்புடறதில்ல. புரோக்கரைத்தான் கூப்புடறாங்க."

கேஸ் பேப்பரைப் புரட்டியபடியே அவர் எனக்கு நடத்திய பாடம், எந்த லா காலேஜிலும் கிடைக்காது.

"நான்-பெயிலபிள் வாரண்ட்னதும் எல்லாரும் பயந்துடறாங்க. குற்றம் நான்-பெயிலபிள்னு அர்த்தம் இல்ல சார். ஐயா மேல இருக்கிற மூணுமே ஜாமீன்ல விடக்கூடிய பிரிவுதான். வாரண்ட்ல ரெண்டு ரகம். முதல் ரகத்துல, 'இவ்ளோ தொகைக்கு, இத்தனை ஜாமீன்தாரோட எழுதிக் குடுத்தா விட்டுடு'ன்னு கோர்ட்டு பின்னாடியே எழுதியிருக்கும். போலீஸே எழுதி வாங்கிட்டு, இந்தத் தேதிக்குக் கோர்ட்டுக்குப் போன்னு விட்டுடலாம். ரெண்டாவது ரகத்துல அந்த வரி இருக்காது. போலீஸால விட முடியாது. கோர்ட்டுக்குத்தான் கூட்டிட்டு வரணும். அவ்ளோதான் வித்தியாசம்."

"எடுத்தவுடனே இதைப் போடலாமாம்மா?"

"சாதாரணமா கூடாது. முதல்ல சம்மன், அப்புறம் ஜாமீன் வாரண்ட், அதுக்கும் வரலைன்னாதான் இதுன்னு 2007-ல உச்ச நீதிமன்றம் இந்தர் மோகன் கோஸ்வாமி கேஸ்ல சொல்லியிருக்கு. ஐயாவுக்கு ரெண்டும் வந்திருக்கே!" என்று பேப்பரைக் காட்டினார்.

சித்தப்பா மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒரு காயிதம் வந்துச்சு... கூரையில சொருகி வெச்சேன்" என்றார்.

"அதுக்குத்தான் ஐயா இது," என்று சிரித்தார் வக்கீலம்மா. "வர முடியலைன்னா ஒரு மனு போட்டிருந்தா போதும். பழைய சட்டத்துல 317 மனுன்னு பேரு, புதுசுல 355. உடம்பு சரியில்ல, நாத்து நடவுன்னு நியாயமான காரணம் சொன்னா அன்னிக்கு ஒரு நாள் விட்டுடுவாங்க. சும்மா வராம இருந்தாதான் வம்பு. ஜாமீன்ல வந்தவரு காரணமில்லாம ஆஜராகலைன்னா அதுவே தனிக் குற்றம். ஒரு வருஷம் வரைக்கும் தண்டனை. உங்களுக்கு ஜாமீன் போட்டவருக்கும் நோட்டீஸ் போகும்."

சித்தப்பாவுக்கு ஜாமீன் போட்டவர் அவரது மச்சான். இரண்டு பேரும் பாகப்பிரிவினையில் பேசிக்கொள்வதில்லை. சித்தப்பா முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடி மறைந்ததை நான் கவனிக்கத் தவறவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்மா. நாங்கதான் ராசியாயிட்டோமே, கேஸு ஏன் இன்னும் கீது?"

"ஊருல ராசியானது கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்யா? ரெண்டு பேரும் வந்து சொல்லணும். அடிச்சது, மிரட்டுனது ரெண்டையும் சமாதானமா முடிச்சுக்கலாம். கெட்ட வார்த்தை பேசுனதா போட்டிருக்கிற 294(பி) மட்டும் சமாதானப் பட்டியல்ல இல்ல. அதுக்கு ஹைகோர்ட்டு போய் ரத்து பண்ணணும், இல்லேன்னா விசாரணையை முடிக்கணும்."

அடிச்சதை மன்னிக்கலாம், திட்டியதை மன்னிக்க முடியாது! சித்தப்பா அப்படி என்னதான் சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை. எஃப்.ஐ.ஆரைப் பார்த்தேன். இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

*

மனு தயாராகும் வரை வெளியே டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் வில்லியனூர்ப் பக்கம். அவருக்கு விழுப்புரம் கோர்ட்டில் கேஸ். புதுச்சேரியில் காசு கொடுத்து வாங்கிய பாட்டில்கள்தான். ஆனால் எல்லையைத் தாண்டினால் அது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தில் கடத்தல்.

எல்லை என்றால் சாதாரண எல்லையா? வில்லியனூரில் இருந்து மேற்கே பஸ் ஏறுங்கள். அரியூர் புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. கொஞ்ச நேரத்தில் திருபுவனை... மறுபடி புதுச்சேரி! கண்டக்டருக்கே தலை சுற்றும். 1749-ல் சந்தா சாகிப் வில்லியனூரையும் பாகூரையும் பிரெஞ்சுக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்ததிலிருந்து ஆரம்பித்த கூத்து இது. வில்லியனூர் கொம்யூனில் இருக்கிற கீழூரில்தான் 1954 அக்டோபர் 18-ல் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்று ஓட்டுப் போட்டார்கள். சேர்ந்தோம். ஆனால் எல்லைக்கோடு அப்படியே வளைந்து நெளிந்து கிடக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டமும்கூட இங்கே 1963 அக்டோபர் 1-ல்தான் வந்தன. அதுவரை பிரெஞ்சுச் சட்டத்தின் வாடை.

"தமிழ்நாட்டு வாரண்ட் பாண்டிச்சேரியில செல்லுமா சார்?" என்று அந்த இளைஞர் என்னைக் கேட்டார். போர்வையோடு எழுந்து வந்த எனக்குள் ஒரு வக்கீல் உருவாகிவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

செல்லும். வாரண்ட் இந்தியாவில் எந்த மூலையிலும் செல்லும். ஆனால் விழுப்புரத்துப் போலீஸ் நேராக வந்து அள்ளிக்கொண்டு போகக் கூடாது. சாதாரணமாக, உள்ளூர் ஸ்டேஷன் பொறுப்பதிகாரியிடமோ நிர்வாக மாஜிஸ்ட்ரேட்டிடமோ காட்டி, வாரண்ட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். தாமதித்தால் ஆள் ஓடிவிடுவான் என்றால்தான் விதிவிலக்கு. பிடித்த பிறகு, வாரண்ட் போட்ட கோர்ட்டு முப்பது கிலோமீட்டருக்குள் இருந்தால் நேராக அங்கே கொண்டுபோகலாம். அதைவிடத் தூரம் என்றால், அந்தக் கோர்ட்டுதான் பக்கம் என்றால் ஒழிய, உள்ளூர் நிர்வாக மாஜிஸ்ட்ரேட் அல்லது போலீஸ் அதிகாரி முன்னால் நிறுத்த வேண்டும். பாகூர்க்காரருக்குக் கடலூர் கோர்ட்டு கூப்பிடு தூரம், சந்தேகமே இல்லை. வில்லியனூரில் இருந்து விழுப்புரம்? முப்பதை ஒட்டி வரும். சங்கிலி போட்டு அளந்துதான் பார்க்க வேண்டும்!

புதுச் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. வெளி மாவட்டத்தில் ஆளைப் பிடித்தால், பிடித்த மாவட்டத்துக்கும் அவர் குடியிருக்கும் மாவட்டத்துக்கும் உடனே தகவல் தர வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும், ஏ.எஸ்.ஐ.க்குக் குறையாத ஒருவர் 'இன்று யாரைக் கைது செய்தோம்' என்ற விவரத்தை வைத்திருக்கவும் வேண்டும். 'புள்ளையைக் காணோமே' என்று தாய்மார்கள் நாலு ஸ்டேஷன் ஏறி இறங்கிய காலம் நமக்குத் தெரியும். 1986-ல் டி.கே.பாசு என்ற சட்ட உதவிக்காரர் மேற்கு வங்கத்தில் இருந்து உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதம்தான், 1996 டிசம்பரில் பதினொரு கட்டளைகளாக வந்தது. கைது மெமோ, அதில் வீட்டாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்து, உறவினருக்குத் தகவல் எல்லாம் அந்தக் கடிதத்தின் புண்ணியம்.

எல்லையோர விபத்துக்கும் இப்போது ஒரு மருந்து உண்டு. 'இது எங்க லிமிட் இல்ல, அந்தாண்ட ஸ்டேஷனுக்குப் போ' என்று துரத்தும் வசனம் நம் பக்கத்தில் ரொம்பப் பிரசித்தம். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 173-வது பிரிவு சொல்கிறது. முன்பு சுற்றறிக்கையாக இருந்தது, இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டது. வசனம் மாறியதா என்பதை நீங்கள்தான் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

டீக்கடைக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, செல்போனை நீட்டினார். "எனக்கும் ஒரு வாரண்ட் வந்துகீது சார். வாட்ஸ்அப்புல!"

பார்த்தேன். அசோகச் சக்கரம், சிவப்பு முத்திரை, இங்கிலீஷில் அதட்டல். 'டிஜிட்டல் அரெஸ்ட்' கோஷ்டி! வீடியோ காலில் போலீஸ் டிரஸ்ஸில் ஒருவன் உட்கார்ந்து, 'உன் பேர்ல பார்சல்ல போதை மருந்து வந்திருக்கு, காமிராவை விட்டு நகராதே, பணத்தை இந்தக் கணக்குல போடு' என்பான். படித்தவர்கள்கூட லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே ரேடியோவில் எச்சரித்தார். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. கைது என்றால் ஆளைத் தொட வேண்டும் அல்லது மடக்க வேண்டும், அல்லது அவராக வார்த்தையாலோ செயலாலோ உடன்பட வேண்டும். செல்போனுக்குள் இருந்து கை நீளாது! இந்த மாதிரி கால் வந்தால் கட் பண்ணிவிட்டு 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆனால் குழப்பத்துக்குச் சட்டமும் ஒரு காரணம் என்பேன். புதுச் சட்டப்படி கோர்ட்டு சம்மன் மின்னணு வழியிலும் வரலாம். அதே சமயம், 'விசாரணைக்கு வா' என்று 35-வது பிரிவில் போலீஸ் தரும் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரக் கூடாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது. ஹரியானா அரசு அதை மாற்றச் சொல்லிக் கேட்டபோது ஜூலையில் முடியாது என்றும் சொல்லிவிட்டது. ஆள் சுதந்திரம் சம்பந்தப்பட்ட தாள், கையில் வர வேண்டும். நியாயம்தான். ஆனால் எது செல்லும், எது செல்லாது என்று டீ ஆற்றுகிறவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? 'சந்தேகமா இருந்தா ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ நேரா போய்க் கேளுங்க' என்பதைத் தவிர எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை. கேஸின் பதினாறு எழுத்து சி.என்.ஆர். நம்பர் கையில் இருந்தால், 'ஈ-கோர்ட்ஸ்' ஆப்பில் வாய்தா தேதியையே பார்த்துவிடலாம். சித்தப்பாவின் பேரன் அன்றே அதை அவர் போனில் ஏற்றிவிட்டான். (இப்போது சித்தப்பா ஊரில் எல்லோருடைய கேஸையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது தனிக் கதை.)

*

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். சித்தப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏன் பெரியவரே, கூப்பிட்டா வர மாட்டீங்களா?"

வக்கீலம்மா சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. சித்தப்பா அதை மறந்துவிட்டார். "ராசியாயிட்டோம்னு நெனைச்சுட்டேங்க. தப்புதான்."

கோர்ட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. மனுவைப் படித்தார், வயசைப் பார்த்தார், இன்னொரு தடவை வராமல் இருந்தால் நேராக உள்ளேதான் என்று எச்சரித்தார். வாரண்ட் ரத்து. அடுத்த வாய்தா பொங்கல் கழித்து.

வெளியே வந்ததும் வக்கீலம்மா ஒரு விஷயம் சொன்னார். "ரத்து உத்தரவு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு பாருங்க. சில சமயம் தாள் மெதுவா நடந்து போகும். அதுவரைக்கும் உத்தரவு நகலைப் பையிலேயே வெச்சிருங்கய்யா." சித்தப்பா அதை வாங்கி நாலாக மடித்து, ஆதார் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டார். கூரையில் சொருகவில்லை.

இன்னொரு சந்தேகமும் கேட்டேன். புதுச் சட்டம் வந்த பிறகும் மனுவில் பழைய 70-வது பிரிவைப் போட்டிருக்கிறாரே, ஏன்? "2024 ஜூலைக்கு முந்தி நிலுவையில இருந்த கேஸ் பழைய சட்டப்படியே நடக்கும் சார். புதுக் கேஸ்னா 72. எங்க மேசையில ரெண்டு புஸ்தகமும் இருக்கு. இன்னும் பல வருஷத்துக்கு ரெண்டுமே இருக்கும்." போலீஸ் ஸ்டேஷனிலும் அதே கதிதான். நம்ம இட்லி, சட்னி, சாம்பாருக்கே இப்போது 296(பி), 115(2), 351 என்று புது நம்பர்.

பாகூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், முன் சீட்டில் யார் என்கிறீர்கள்? சேற்றில் விழுந்த அதே எதிராளி, மனைவியோடு! செய்தி கேள்விப்பட்டு அவரும் கோர்ட்டுக்குக் கிளம்பி வந்து, எங்களைக் காணாமல் திரும்பிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, என்னால உனக்கு இவ்ளோ சிரமம்!" என்று சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு மாப்ளே, எனக்கும்தான் சாட்சி சம்மன் வந்துச்சாம். நான் கரும்பு வெட்டப் போய்ட்டேன். வீட்ல இவதான் இருந்தா. ஆம்பளை இல்லையான்னு கேட்டுட்டு, பேப்பரைக் குடுக்காம திரும்பிப் பூட்டாங்களாம்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பழைய சட்டத்தில், ஆள் வீட்டில் இல்லை என்றால் சம்மனைக் குடும்பத்தில் வயது வந்த ஆணிடம்தான் தரலாம். ஐம்பது வருஷமாக அப்படியே இருந்தது. புதுச் சட்டத்தில் 'ஆண்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டுப் பெண்ணும் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். நான் உற்சாகமாக இதை விளக்கினேன். கூடவே, 'ஆனா உங்க கேஸ் பழைய கேஸ் இல்லையா, அதனால...' என்று இழுத்தேன்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் இருந்து திரும்பி, எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அப்போ நீங்க ரெண்டு பேரும் மறுபடியும் வாய்க்கால்ல கட்டிப் புரண்டாத்தான் என் கையெழுத்து செல்லும்னு சொல்லு!"